பெயின்ட்டுக்குக் கீழே இருந்த விரிசல்

ஆம்புலன்ஸ் ஓட்டும் அவளுக்கு, லீவு நாளில் பந்தயத் தடத்தில் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விரட்டுவதென்றால் உயிர். நல்ல டயர் வாங்கியதிலேயே கை காலியானதால், சக்கரங்களை மட்டும் பழைய சாமான் கடையில் எடுத்தாள். "எடை கம்மிக்கா, சும்மா பறக்கும்" என்று கடைக்காரன் அவள் தலையில் கட்டிவிட்டான்.

முதல் ஓட்டத்திலேயே வளைவில் முன்சக்கரம் பிளந்தது. கார் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. அவளுக்கு இடது கை முறிந்து, வாயெல்லாம் ரத்தம்.

கட்டுப் போட்ட கையோடு, கணவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் நியாயம் கேட்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கடைக்காரன் சிரித்தான்.

எறும்புக்கும் வழிவிடுகிற அவள் கணவன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். கடைக்காரன் இரும்புக் கம்பியால் அவன் நெற்றியில் ஓங்கி அடித்தான். கணவன் சரிந்ததும் அவள் அங்கே கிடந்த சுத்தியலைத் தூக்கினாள். கடைக்காரன் கையால் முகத்தை மறைத்தான்.

அவள் அடித்தது அடுக்கி வைத்திருந்த சக்கரத்தை. பெயின்ட் தெறித்து, வெல்டு வைத்து மூடியிருந்த விரிசல் வாயைப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே.

"ரோட்டுல சிதறிக் கிடக்கிறவங்கள அள்ளிட்டுப் போறது நான்தான்டா!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொன்றாக உடைத்தாள். கூடிய கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. போலீஸ் வந்து கடையைப் பூட்டியது.

முறிந்த கை கூடியதும் காரைச் சரிசெய்து, கம்பெனியே அந்தக் காருக்குப் போட்ட சக்கரங்களைப் பழசாகத் தேடி, தட்டித் தடவிப் பார்த்து வாங்கினாள்.

"ரொம்ப கனமா இருக்கேம்மா" என்றான் நெற்றித் தழும்போடு கணவன்.

"இருக்கட்டும். நீ ஏறு."