போர் இல்லண்ணா, போர்டு

இன்று திருப்பதி போகும் பஸ்ஸில் நண்பனிடம் போனில் கத்தினேன். "போர்டு ரெடிடா! போட்டவுடனே ஓடுது!"

பக்கத்து சீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "போர் போட்டியா நைனா? எத்தினி அடியில தண்ணி வந்துச்சு?"

"போர் இல்லண்ணா, போர்டு." மைக்ரோகண்ட்ரோலர் சிப் வைத்து வீட்டிலேயே நான் சால்டர் செய்த எலக்ட்ரானிக் போர்டை எடுத்துக் காட்டினேன். பேட்டரி மாட்டியதும் சிவப்பு விளக்கு மினுங்கியது.

"தண்ணி கீதான்னு சொல்லுமா இது?"

"சென்சார் வச்சா சொல்லும்ணா."

"தண்ணி இல்லன்னா?"

"இல்லன்னு சொல்லும்."

"அத்த நானே சொல்லிக்கினு கீறேனே."

அவர் காலடியில் கோணிப்பை. வற்றிப்போன தன் போரிலிருந்து கழற்றிய மோட்டாரை விற்கப் போகிறார். நாளை முதல் தடா பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலையாம்.

எனக்கு வாழ்த்து வேண்டாம் நண்பர்களே. பஸ்ஸில் சத்தமாகச் சொல்கிற மாதிரி போர்டுக்கு வேறு பெயர் இருந்தால் கமெண்டில் போடுங்கள்.