புழு ஷெட்டில் ஒரு ரேஸ் கார்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரி. என் தங்கச்சி. அவள் வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாப்பிள்ளை. பெங்களூரிலிருந்து வண்டி பார்க்க வந்த ஒருவர். அப்புறம் அந்த வண்டி. புழு மட்டும் வரவில்லை. அது மறுநாள் வர வேண்டியது.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்திருக்கிறேன். பட்டுப்புழு வளர்க்கிறேன். ஷெட்டுக்குக் குறுக்கே வலை கட்டியிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் புழு. அந்தப் பக்கம் மூன்று வருஷமாக மாப்பிள்ளையின் ரேஸ் கார்.

சிவப்பு. இரண்டே கதவு. பின் சீட்டு என்று ஒன்று உண்டு, அதில் கூடைதான் உட்காரும். முன்விளக்கு வெளியே தெரியாது. பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். அதிலும் ஒன்றுதான் எழும்பும். அதனால் வண்டி எதிரில் நிற்பவரைப் பார்த்துக் கண்ணடிக்கும். முதல் நாள் என் வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. ஒரு லைனை மூடியபோது செட்டில்மெண்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சீக்கிரமே வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். செட்டில்மெண்ட் பணத்தில் பாகலூர் தாண்டி வீடு கட்ட ஒரு சைட் வாங்குவதாகப் பேச்சு. நாலு லட்சம். வாசல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் தங்கச்சி முடிவு செய்திருந்தாள். சைட்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய மாப்பிள்ளை, பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் கேட்பாரில்லாமல் நின்ற இந்த வண்டியோடு திரும்பி வந்தார். இதுவும் நாலு லட்சம்.

கர்நாடகா நம்பர். இங்கே ஓட்டுவதென்றால் தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். வரிக்குப் பணமில்லை. லாரியில் ஏறி, பார்டர் தாண்டி, என் ஷெட்டில் இறங்கியது. இறங்கின இடத்திலேயே நின்றது.

"இப்ப இத எவனும் சீண்ட மாட்டான் மச்சான். அதான் வெல கம்மி. சின்ன வயசுல இதோட படத்த செவுத்துல ஒட்னவங்கல்லாம் இப்பதான் கை நெறைய சம்பாதிக்கறாங்க. தேடிக்கினு வருவாங்க பாருங்க."

"வழி தெரியுமா அவங்களுக்கு?" என்றேன்.

தங்கச்சி சண்டை போடவில்லை. வண்டிக்கு சைட் என்று பேர் வைத்தாள். ஷெட் ஒழுகினால், "என்னாங்க, நம்ம சைட்டு நனையுது பாருங்க" என்பாள். கோழி உள்ளே புகுந்து சீட்டில் முட்டை வைத்த அன்று, "சைட்டுக்குக் குடி வந்துட்டாங்க, அட்வான்ஸ் கேளுங்க" என்றாள். சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால், "நீங்க பயப்படாதீங்க, இது இருக்கற ஒசரத்துக்கு யானை தாண்டிப் போயிரும்" என்பாள். மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிப்பார். அந்த மூன்று வருஷத்தில் பாகலூர் சைட் நாலிலிருந்து எட்டுக்குப் போனது. அதைக் கேள்விப்பட்ட அன்று மட்டும் அவள் கிண்டல் செய்யவில்லை. பாத்திரம் தேய்த்தாள்.

இந்த வருஷம் அங்கே ஒரே ஒரு சைட்தான் மிச்சம். இந்த வாரத்துக்குள் எட்டு லட்சம் வரவில்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சைட்காரர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வண்டியைப் படம் எடுத்து செல்போனில் போட்டார். தூசி, காய்ந்த இலை, முட்டை எல்லாம் சேர்த்து. பழைய வண்டி வாங்கி விற்கிற பெங்களூர்க்காரர் ஒருவர் பேசினார். வந்து பார்க்கிறேன் என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். இலை நன்றாக வந்திருந்தது. ஷெட் முழுக்கப் புழு விடலாம் என்று இருந்தேன். புழு வருமுன் ஷெட்டை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சுண்ணாம்பு தூவ வேண்டும். இல்லாவிட்டால் நோய் வந்து மொத்தமும் போய்விடும். என் வீட்டுக்காரி கழுவ ஆரம்பித்தால் எதையும் விடமாட்டாள். தரை, சுவர், தட்டு, அப்படியே வண்டியும். மூன்று வருஷத் தூசியைக் கூட்டி ஒரு உரச் சாக்கில் அள்ளினாள். ஷாம்பு போட்டு, தேங்காய் நாரில் தேய்த்தாள். மஞ்சள், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"வூட்ட வுட்டுப் போற பொருளு. மூஞ்சி கழுவாம அனுப்புவாங்களா?"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, புதுசு மாதிரி இருக்குதுக்கா" என்றார்.

பெங்களூர்க்காரர் உள்ளே வந்தார். நின்றார். தலையில் கை வைத்தார்.

"அய்யோ, யாக்ரீ தொளெத்ரி?"

ஏன் கழுவினீர்கள் என்று கேட்கிறார். அந்தக் கன்னடம் எங்கள் எல்லோருக்கும் புரியும். புரிந்ததுதான் கஷ்டம்.

"தூசிய பாத்துதானேம்மா வந்தேன்" என்று தமிழுக்கு மாறினார். "ஷெட்டுல அப்டியே கெடந்த வண்டின்னா வாங்கறவங்க பைத்தியமாயிடறாங்க. தூசிக்கே ரெண்டு லட்சம் சேத்துக் குடுப்பாங்க."

தூசிக்கு ரெண்டு லட்சம். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிகளில் லோடு லோடாகப் பறக்கிறது. யாரும் பிடித்து வைக்கவில்லை.

"தூசிதானே?" என்றாள் என் வீட்டுக்காரி. "சாக்குல கட்டி வெச்சிருக்கறேன். எடுத்துக்கினு போங்க."

அவர் சிரித்துவிட்டார். குனிந்து, படுத்து, கதவைத் திறந்து மூடி எல்லாம் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். வண்டி கண்ணடித்தது. அப்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சின்ன வயதில் சுவரில் படம் ஒட்டினவர் போலிருக்கிறது. ஆனாலும் பெங்களூர்க்காரர். உடனே முகத்தைச் சரி செய்துகொண்டார்.

"ஆறு" என்றார்.

"எட்டு சார்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கே கேட்டிருக்காது.

"இன்னிக்கு இத யாரும் கேக்கல. அஞ்சு வருஷம் போனா எல்லாரும் கேப்பாங்க. இன்னிக்கு ஆறுதான்."

மாப்பிள்ளை பதில் பேரம் பேச வேண்டும். பேசவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மச்சான், நானும் இதத்தானே சொன்னேன்!" என்றார். ஒரு ஆளாவது தன் பேச்சை ஒத்துக்கொண்டானே என்று இருந்தது அவருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஆறுக்குத் தலையாட்டியிருப்பார்.

தங்கச்சி மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்தாள்.

"அஞ்சு வருஷத்துல எல்லாரும் கேப்பாங்கன்னா நாங்களே வெச்சிக்கறோம் சார். இதுக்கென்ன, தீனி போடணுமா, தண்ணி காட்டணுமா? எங்கண்ணன் ஷெட்டு இருக்குது."

என்னைக் கேட்டுச் சொல்லவில்லை. மறுநாள் புழு வருகிறது. 

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். மூன்று வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "நெஜமாவா சொல்ற?" என்று கேட்டார். பேரத்தின் நடுவில் கேட்கிற கேள்வியா அது.

"அந்தப் பக்கத்த இழுத்து மூடுங்க" என்றாள்.

மூடினார்கள். பெங்களூர்க்காரர் வெளியே போய் போனில் பேசினார். வந்தார். ஏழரை என்றார். தங்கச்சி தார்ப்பாய்க்கு முடிச்சுப் போட்டாள். அவர் முடிச்சைப் பார்த்தார். மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

"சரி, எட்டு. அந்தச் சாக்கும் சேத்து."

மாப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "குடுங்க. நம்ம வூட்டு செவுத்துல இதோட படத்த ஒட்டிக்கலாம்."

கொடுத்தார்.

மறுநாள் புழு வந்தது. அந்த வாரமே சைட் பதிவானது. ஷெட் முழுக்கப் புழு விட்டேன். பட்டுக்கூடும் நன்றாக வந்தது.

சில மாதம் கழித்து சைட்டுக்குக் கல் நட்டு வேலி போட எல்லோரும் போனோம். மாப்பிள்ளை செல்போனை நீட்டினார். விற்பனைக்குப் போட்டிருந்த எங்கள் வண்டி. எங்கோ ஒரு பழைய ஷெட். மஞ்சள் குங்குமம் இல்லை. மேலெல்லாம் தூசி. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

என் வீட்டுக்காரி படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். "இது நம்ம மல்பெரி எலைதான். சுண்ணாம்பு கூட இருக்குது பாரேன்."

"நான் சொன்னனா இல்லயா?" என்றார் மாப்பிள்ளை. நஷ்டப்பட்டவர் பேசுகிற மாதிரி இல்லை. பையன் பாஸானதைச் சொல்கிற மாதிரி இருந்தது.

"எவ்ளோ போட்டிருக்கான்?" என்று கேட்டாள் தங்கச்சி.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வேலிக்கல்லைப் பிடிக்கப் போய்விட்டார். நான் சைபரையெல்லாம் எண்ணிப் பார்த்துப் படித்தேன்.

இருபத்திரண்டு லட்சம்.