கிணற்றடித் தூரம்

வவுணதீவுப் பக்கம் எங்களுக்கு ஒரு கச்சான் தோட்டம் இருக்கிறது. போன வருஷம் குரங்குகள் கூட்டமாக வந்து கச்சானைச் செடியோடு பிடுங்கிக் கடலையைத் தின்னத் தொடங்கின. வெடி கொளுத்தினோம், தகரம் தட்டினோம். கொஞ்ச நாள் ஓடின. பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றன. தோட்டத்தில் பாதி என் கணவரின் தமையனுக்கு. அவர்தான் ஒரு காற்றுத் துவக்கு வாங்கிவந்தார்.

குறியைச் சரிபண்ணித் தரச் சொல்லி அதை என் கணவரிடம் நீட்டினார். சண்டைக் காலத்தில் துவக்குப் பிடித்தவர் இவர். வலது கண் அங்கேதான் போனது. நீட்டியதை இவர் வாங்கவில்லை.

"எவ்வளவு தூரத்துக்கு வைக்கப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

குழல் நுனி முள்ளையும் பின்னால் உள்ள பள்ளத்தையும் ஒரு தூரத்துக்குத்தான் பொருத்தலாமாம். அதைவிடக் கிட்ட என்றால் குண்டு மேலே போகும், அங்கால் என்றால் தாழ்ந்துவிடும்.

"வேலியடிப் புளிக்கு வைப்பம். அங்கதானே கூட்டமா இரிக்கிதுகள்."

"வேணாண்ணன். காவல் குடில்ல இரிந்து கிணத்தடி மட்டுக்கும் வைங்க. அங்கால போனா அந்த ஈயக் குண்டுக்கு வேகமில்ல. பட்டாலும் சாகாது. காயத்தோட கிடக்கும்."

"கிணத்தடிக்கு எந்தக் குரங்குடா வரும்?"

தமையன் புளியமரத்தில் குறிக்கு ஒரு காகித மட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, பொழுதுபடும்வரை சுடுவதும் குறியின் திருகாணியைத் திருப்புவதுமாக இருந்தார்.

அடுத்த நாள் காலையில் "பட்டிட்டு!" என்று கத்தினார். ஒரு பெண்குரங்கு புளியிலிருந்து விழுந்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போனது. அது போட்ட சத்தத்தை எப்படிச் சொல்ல? தமையன் கிட்டப் போய் இன்னொரு தரம் சுட்டார். அது பிசகிவிட்டது.

என் கணவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார். துவக்கை வாங்கினார். அவர் கையில் துவக்கை நான் கண்டது அன்றுதான். குறி பார்க்கவில்லை. குந்தியிருந்து, குழலை அதன் காதடியில் வைத்து விசையை அழுத்தினார். பிறகு மண்வெட்டி கேட்டார்.

மத்தியானம் சோற்றின் முன்னால் சும்மா இருந்தார்.

"என்ன, சாப்பிடல்லியா?"

"சண்டையில எங்கட பொடியன் ஒருத்தன் இப்பிடித்தான் கிடந்தான். விடியுமட்டும் கத்தினான்."

கல்யாணம் முடித்த இத்தனை வருஷத்தில் அந்தக் காலத்தைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. அவனுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். சோற்றுக் கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினேன்.

பின்னேரம் தமையன் வந்தார். "நீ சொன்ன மாதிரியே வைப்பம்டா," என்றார். கிணற்றுத் தூணில் மட்டையைக் கட்டினார்கள். தமையன் சுட்டார், இவர் திருகாணியைத் திருப்பினார்.

எதுவரைக்கும் சுடுவோம் என்பது குரங்குகளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கிணற்றுக்கு அங்கால் இருந்து அவசரமில்லாமல் ஆறுதலாகத் தின்றன. அறுவடையில் இந்தப் பக்கத்து வரிசைகள் மட்டும் எங்களுக்கு மிஞ்சின. அங்கால் உடைத்துத் தின்ற வெறும் கோது. இந்தமுறை தமையன் அங்கே மரவள்ளி நட்டிருக்கிறார். அதையும் பிடுங்கத் தொடங்கிவிட்டன.