மீன் பைக்குள் ஒன்பது மணி நேரம்

மீனக்காவிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் அந்தக் கிடங்கில் யாரும் இல்லை. அலங்கார மீன்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் கிடங்கு அது. பை கட்டுவது அவள் வேலை. பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்ஸிஜன். பை உப்பியதும் முறுக்கி, ரப்பர் வளையம் போட்டு, விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். அந்தச் சத்தம் அவளுக்குத் திருப்தியாக இருந்தால்தான் பை பெட்டிக்குள் போகும். வழக்கமாகச் சரக்கு போகும் ஊர்களுக்கெல்லாம் விமானப் பயண நேரம் அவளுக்கு அத்துப்படி.

தம்பி இருக்கும் ஊர் மட்டும் புதிது. அவன் அங்கே அலங்கார மீன் கடை திறக்கப் போகிறான். நாள் குறித்தாகிவிட்டது, தொட்டிகள் காலி. அக்கா அனுப்பும் மீன்கள் வழியில் செத்தால் வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீரைத்தான் காட்ட வேண்டும். மீனக்கா யாரையும் நேரம் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வந்திருந்தபோது, "ஒன்பது மணி நேரம்தான்க்கா, ஒரு தூக்கம்" என்று அவனே சொல்லியிருந்தானே! அந்தக் கணக்கில் கட்டினாள். பாசம் வேறு சும்மா இருக்குமா? பைக்கு இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள்.

பெட்டிகளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வந்த கணவர் சாவகாசமாகச் சொன்னார்: "உன் தம்பி ஊருக்குப் பதினோரு மணி நேரமாம்."

"யார் சொன்னா? ஒன்பதுதான்."

"அங்கேர்ந்து வர ஒன்பது. இங்கேர்ந்து போகப் பதினொண்ணு. தூரம் ஒண்ணுதான். ஆனா போறப்ப மேல காத்து எதிர்த்து அடிக்குமாம். ஏர்போர்ட்ல சரக்கை வாங்கி வச்சவர் சொன்னார்."

கூடுதலாகப் போட்ட மீன்களை அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். முகத்தில் காட்டிக்கொள்வாளா? "ரெண்டு நாளா இரை போடாமதான் அனுப்பியிருக்கேன். காலி வயிறு அதிகமா மூச்சு வாங்காது. என் மீன் தாங்கும்" என்றாள். ஆனால் அன்று அவளும் சாப்பிடவில்லை.

"மீனுக்குத் துணையா?" என்றார் கணவர். அவள் முறைத்த முறைப்பில் தன் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தம்பி கூப்பிட்டான். "அக்கா, எல்லாம் சாஞ்சு கெடக்கு. பையைக் கிழிச்சுத் தொட்டியில கொட்டிடறேன்."

"டேய், கத்திரியைக் கீழ வை! புதுத் தண்ணி திடீர்னு பட்டா அதிர்ச்சியிலயே போயிடும். பை வாயை அவிழ்த்து, தொட்டியில அப்படியே மிதக்க விடு. தொட்டித் தண்ணியைப் பைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."

"அதுக்குள்ள செத்துடும்க்கா!"

"நான் சொல்றதைக் கேளு."

சரியான அவசரக்குடுக்கை அவன். பிறந்ததிலிருந்து அக்கா பேச்சைக் கேட்டதே இல்லை. போனை வைக்காமல் காத்திருந்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கேட்கிறான், அக்கா சொன்னதைக் கேட்கிறான் பிள்ளை.

"அக்கா... ஒண்ணு வாலை ஆட்டுது. இன்னொண்ணு நிமிருது. அக்கா, எல்லாம் நிமிருதுக்கா!"

அவள் காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து, ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, கர்வமும் வந்தது.

"கடை திறக்கிறதுக்கு நீ வந்துடுக்கா. ஒன்பது மணி நேரம்தானே?"

"எனக்குப் பதினொண்ணுடா. ஒன்பது உனக்குத்தான். கிட்ட இருக்கிறவன் நீ. மூணு வருஷமாச்சு, நீ வா."