கேமராவுக்கு வைத்த பொட்டு

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள்தான். அதனால் வாசலையும் ஓர் அறையாகவே வைத்திருக்கிறோம். மீன் ஆய்வது, தலைக்கு எண்ணெய் வைப்பது, கணவனைத் திட்டுவது எல்லாம் அங்கேதான். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். ஆனால் பார்க்காத மாதிரிப் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

சாமுண்டீஸ்வரி அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பேக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கணவர் கோவிந்தன் மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரே அப்போது தனக்கு வேண்டிய டீயைத் தானே போட்டுக்கொள்வார்.

தெருமுனையில் நிறுத்தியிருந்த ஆட்டோக்களில் பேட்டரி திருட்டுப் போனதும் இந்த நிம்மதிக்கு முடிவு வந்தது. ஓய்வு பெற்றதும் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எங்கள் தெருவில் மாடிவீடு கட்டி வந்த ரகுநாதன் சார்தான் தெருச் சங்கத்தின் செயலாளர். அவர் விளக்குக் கம்பத்தில் ஒரு கேமரா வைத்தார். கம்பம் அக்கா வீட்டுக்கு எதிரே இருந்தது. முனை கொஞ்சமாகவும் அக்காவின் வாசல் முழுதாகவும் தெரிந்தன. வீடியோவின் லிங்க்கைச் சங்கத்தின் வாட்ஸப் குரூப்பில் போட்டார். யார் வேண்டுமானாலும், எங்கே இருந்தாலும் அழுத்திப் பார்க்கலாம்.

லிங்க் கை மாறிக் கை மாறி, திருவேற்காட்டில் இருக்கும் நாத்தனார் லோகநாயகி வரைக்கும் போய்விட்டது. அவருடைய பேரனின் காதுகுத்துக்கு அக்கா போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். அன்று மதியமே போன் வந்தது.

“ஜொரம்னு சொன்ன. அங்க நண்டு ஆஞ்சிகினு கீற?”

அக்கா நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார். பிறகு நண்டுச் சட்டியோடு உள்ளே போனார். அதற்குப் பிறகு சில நாள் மாலையில் அவர் வாசலுக்கு வரவே இல்லை. உள்ளே காலை நீட்டினால் கட்டில் காலில் இடிக்கும்.

பிறகு ஒருநாள் அக்கா நேராக ரகுநாதன் சாரிடம் போய், கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிக் கேட்டார். சார் கோபப்படவில்லை. தனியாக முடிவு செய்ய முடியாது, ஜனநாயக முறைப்படி ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார். கேமரா இப்படியே இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று வாட்ஸப் குரூப்பில் ஓட்டு, வீட்டுக்கு ஒன்று. அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அந்த வீட்டின் ஓட்டு மாமாவின் போனில் இருந்தது. ‘வேண்டாம்’ என்பதை அழுத்தச் சொல்லி அக்கா அவரை வேலைக்கு அனுப்பினார்.

கேமரா ஜெயித்தது. யார் எதற்குப் போட்டார்கள் என்று வாசித்துச் சொல்லும்படி அக்கா பக்கத்து வீட்டில் இருக்கும் என்னிடம் கேட்டார். ‘வேண்டும்’ பக்கத்தில் கோவிந்தன் மாமாவின் பெயர் இருந்தது. நான் நிறுத்தினேன். அக்கா மறுபடி வாசிக்கச் சொன்னார்.

சாயங்காலம் மாமா மறைக்க முயலவில்லை.

“சவாரி முடிச்சி வரச்சொல்ல போன்ல பார்ப்பேன். நீ காலை நீட்டிகினு கடுகடுன்னு இருந்தா இன்னொரு ட்ரிப் அடிச்சிட்டு வருவேன். மூஞ்சி நல்லா தெளிவா தெரிது சாமு.”

“நான் காலை நீட்டி ஒக்கார்றதுக்கு ஊரே ஓட்டு போடுது. எனக்கு ஓட்டு இல்ல,” என்றார் அக்கா. அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமா அன்று டீயும் போட்டு, பாத்திரமும் கழுவினார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் லேத் முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அக்கா கம்பெனியில் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் அவர்தான். அன்று மாலை தெருவே ஆட்டோக்களுக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா சந்தனக் கிண்ணத்தோடு ரகுநாதன் சாருக்கு முன்னால் போய் நின்றார். தெருவைக் காக்கிற கேமராவுக்கு மட்டும் பூஜை இல்லையா என்று கேட்டார். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. சீரியல் பல்பு கட்ட எடுத்துவந்த ஏணியைக் கம்பத்தில் சாத்தி, அவரே பிடித்துக்கொண்டார். அக்கா ஏறி, நிதானமாகப் பொட்டு வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டு இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் சாரின் போனில் தெரு முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

“ஏம்மா, கண்ணாடி மேலயேவா வைப்பாங்க?”

“நெத்தி எங்க கீதுன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? மெஷின்ல பளபளன்னு இருந்த எடத்துல வச்சேன்.”

துடைக்கச் சொன்னால் யாரும் ஏறவில்லை. சாரின் மனைவி சுதா அம்மா, பூஜை செய்த பொட்டை அழித்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரி, மழை கழுவட்டும் என்று சார் காத்திருந்தார். ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. அதிர்கிற பிரஸ் மெஷினில் உதிராமல் இருக்கச் சந்தனத்தில் கோந்து கலப்பது அக்கா கம்பெனியின் வழக்கம். பொட்டு அசையவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. மற்ற வாசல்களிலும் பெண்கள் நிம்மதியாக உட்கார ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் அவர்களும் ஒதுங்கித்தான் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் சேர்ந்து போய் மறுபடி ஓட்டெடுப்பு கேட்டதால், சங்கக் கூட்டம் அம்மன் கோயில் முன்னால் நடந்தது. இந்த முறை போன் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் கை தூக்கலாம். அக்கா இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் கணக்கு என்று சார் சொன்னதும், மற்றது போன முறைக்கானது என்றார்.

கேமராவை முனையைப் பார்த்துத் திருப்பினார்கள். லிங்க்கை எடுத்துவிட்டு, திருட்டு நடந்தால் மட்டும் சங்கத்தார் திறந்து பார்ப்பது என்று முடிவானது. சுதா அம்மா தானே ஒரு கற்பூரம் ஏற்றிவைத்து, பொட்டைச் சுரண்ட அனுமதி கொடுத்தார்.

நேற்று மாலை நான் கடைக்குப் போகும்போது, கோவிந்தன் மாமா முனையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“கவி, உங்க அக்கா வாசல்ல கீறாளா? மூஞ்சி எப்டி கீது?”

அக்காவைத் தாண்டித்தான் வந்திருந்தேன். புடவையைச் செருகிக்கொண்டு, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“நான் பார்க்கலையே மாமா,” என்றேன்.

மாமா எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு இன்னொரு ட்ரிப்புக்குப் போனார்.