மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன்

என் அக்காவின் கணவர் பல் செட் செய்கிறவர். எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் பாதிப் பேர் சிரிப்பது அத்தானுடைய தயவில்தான். அவர் மட்டும் லேசில் சிரிக்கமாட்டார். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவார். அங்கேதான் அவருடைய ரயில்வே இருந்தது.

பொம்மை ரயில் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். சுவரை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் மேஜைகள், அவற்றின் மேல் ஒரு சரக்குப் பாதை, நான்கு ஸ்டேஷன்கள். அறைக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மலை. பல் அச்சு எடுக்கிற மாவில் செய்தது. அங்கங்கே ஈறு நிறமும் எட்டிப் பார்க்கும். "அத்தான், உங்க மலை என்னைக்காவது யாரையாவது கடிச்சு வைக்கப் போகுது" என்பேன். காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

மலைக்கு இந்தப் பக்கம் முதல் ஸ்டேஷன், அந்தப் பக்கம் கடைசி ஸ்டேஷன். ஒரு முனையில் இருப்பவருக்கு மறுமுனை தெரியாது. அதனால் இரண்டு பழைய டெலிபோன்களை வயர் இழுத்து இணைத்திருந்தார். ரயிலை அனுப்புவதற்கு முன் இவர் மணியடித்து "லைன் கிளியரா?" என்று கேட்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் தண்டவாளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "கிளியர்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து நாற்காலி என் அக்காவுடையது.

எல்லோரும் இந்த மாதிரி ரயில் வைத்திருந்தால் வட்டமாக ஓடவிட்டுக் கைதட்டுவார்கள். அத்தான் வேறு ரகம். எப்போதோ மூடிவிட்ட ஒரு நிஜப் பாதையின் பழைய சரக்குப் புள்ளிவிவரப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். எந்த ஸ்டேஷனுக்கு அந்த வருஷத்தில் எத்தனை வேகன் உரம் வந்தது, எத்தனை வேகன் மரம் போனது, எத்தனை காலியாகத் திரும்பியது என்று பக்கம் பக்கமாக எண்கள். ஜனங்கள் துப்பறியும் கதை படிப்பதுபோல அதைப் படிப்பார். "மத்தவங்க ரயில் ஓட்டுறாங்க மச்சான். நான் சரக்கு அனுப்புறேன்" என்பார்.

வருஷக் கணக்கை நாள் கணக்காக வகுத்து, வேகனுக்கு ஒரு சீட்டு எழுதி, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் குலுக்கி எடுப்பார். சீட்டில் வந்தால் வேகன் உண்டு. வராவிட்டால் இல்லை. கடைசி ஸ்டேஷன் சின்ன ஊர், உருளைக்கிழங்கைத் தவிர அங்கே ஒன்றும் விளையாது. அதை ஏற்றத்தான் அங்கே வேகன் போகும். வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு அரை வேகன்கூடத் தேறவில்லை. அதனால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு ஒன்றுமே வராது. பட்டாணி உரித்துக்கொண்டோ பட்டன் தைத்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். மணியடித்தால் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு "கிளியர்" என்பாள். கிளியராக இல்லாமல் என்ன, ஈ காக்கை இல்லாத ஸ்டேஷன் அது.

அக்கா போன பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். முழங்காலைக் காரணம் காட்டிவிட்டேன். பக்கத்துக் கடை தையல்காரர் ஒருமுறை வந்தார். அரைமணி நேரத்தில் "ஒரு ரயிலையாவது வேகமா விடக்கூடாதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், பிறகு தெருவில் பார்த்தாலும் ஒதுங்கிப்போனார். தனியாக ஓட்டினால் அது ஓட்டமே இல்லை என்பது அத்தானின் கொள்கை. கேட்க ஒருவர், சொல்ல ஒருவர் வேண்டுமாம். எஞ்சின்மேல் தூசி படிந்தது.

அந்த நேரத்தில்தான் வெளியூரில் வேலை பார்க்கிற அத்தானின் மகள் நான்கு நாள் லீவில் வந்தாள். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அவள் வருவது அதுதான் முதல் தடவை. அத்தான் தண்டவாளத்தையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். நாற்காலிக்கு மெத்தை போட்டார். அவள் மட்டும் உட்கார்ந்துவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த மெத்தையைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் உட்கார்ந்தாள். நான் கதவருகே ஸ்டூல் போட்டுக்கொண்டேன். அத்தான் சீட்டைக் குலுக்கினார். இரண்டாவது ஸ்டேஷனுக்கு உரம், மூன்றாவதற்கு மரம். கடைசி ஸ்டேஷனுக்கு ஒன்றும் இல்லை. ஒரு சீட்டைச் சொருகிவிடுங்கள் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். பொய்ச் சீட்டா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் கழித்து மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, எனக்கு ஏதாவது வருமா?"

"நாளைக்கும் ஓட்டலாம்மா. சராசரிப்படி பார்த்தா நாளைக்குத்தான் வரும்."

"நாளைக்கு நான் இருக்கமாட்டேனே."

அத்தான் எடுத்த சீட்டுகளைத் திரும்ப அடுக்கினார்.

"அம்மாவும் இப்படித்தான் உக்காந்திருந்தாங்களாப்பா, இத்தனை வருஷமும்?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இல்லை. எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். மறுநாள் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், பல் வேலைக்கும் போகாமல் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான் வேலை பார்ப்பது உருளைக்கிழங்குக் கிடங்கில், லாரி ஏற்றி இறக்குகிற மேஸ்திரியாக. "அத்தான், உருளைக்கிழங்கு என்ன கறிவேப்பிலையா, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கிள்ளி அனுப்ப? தோண்ட ஆரம்பிச்சா ஒன்றரை மாசம் எங்களுக்குச் சாப்பிட நேரம் கிடையாது. மத்த மாசமெல்லாம் கிடங்கு வாசல்ல நாய் தூங்கும்" என்றேன்.

அவர் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். புத்தகத்தில் வருஷக் கணக்கு மட்டும்தான் இருந்தது. மாசம் இல்லை. கடி எல்லாப் பல்லிலும் சமமாக விழ வேண்டும் என்று ஆயுசு முழுக்க அரத்தால் ராவிப் பழகிய மனிதர், சரக்கையும் அப்படியே ராவிச் சமமாக்கிவிட்டார்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வருஷ உருளைக்கிழங்கு மொத்தத்தையும் அறுவடைக் காலத்தில் அடைத்துச் சீட்டை மாற்றி எழுதினார். வேகன் போதவில்லை என்று பல் செட் பிளாஸ்டிக்கிலேயே புதிதாகச் செய்தார். பாவம், செட்டுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் அதுவரைக்கும் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடைசி ஸ்டேஷனில் எல்லாத் தண்டவாளத்திலும் வேகன்கள், முட்டிக்கொண்டு நின்றன. அறுவடை நேரத்து எங்கள் கிடங்கு வாசல் மாதிரியே இருந்தது.

"மகளுக்கு போன் பண்ணினீங்களா?"

"பண்ணினேன். சந்தோஷம்ப்பான்னு சொன்னா. லீவு கிடைக்காதாம்." கோணி நின்ற ஒரு வேகனை நேராக்கினார். "உங்க அக்காவுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்கணும் மச்சான். நிமிர நேரம் இருந்திருக்காது. நான் குடுக்கல."

சொல்லிவிட்டு மலையைச் சுற்றித் தன் இடத்துக்குப் போனார். மணியை அடித்தார். நான் நின்ற பக்கம் மணி அடித்தது, ஆளில்லாத நாற்காலிக்கு. அவர் எழுந்து வந்து தானே எடுப்பார் போலிருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியாது. போய் மெத்தைமேல் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தேன்.

"லைன் கிளியரா?" வேற்றூர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுகிற மரியாதையான குரல்.

கிளியர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தண்டவாளத்தைப் பார்த்தேன். ஒரு வேகனுக்குக்கூட இடம் இல்லை.

"இல்ல அத்தான். இடமில்ல."



"சரி" என்றார். "நான் காத்துக்கிட்டிருக்கேன்."

ரிசீவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் வைக்கவில்லை.