ரிக் வண்டிக் கதைக்குக் கிடைத்த கேடயம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்துச் சினிமா ரசிகர் சங்கம் ஒன்று போட்டி வைத்தது. விஞ்ஞானக் கதையோ மாயாஜாலக் கதையோ, முழுத் திரைக்கதையாக எழுதி அனுப்ப வேண்டும். முதல் பரிசு ஒரு கேடயம். அதோடு கதையை மெட்ராஸில் ஒரு டைரக்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதற்காகத்தான் நான் எழுதினேன். கேடயத்தை வைத்து இட்லியா அவிக்க முடியும்?

திருச்செங்கோட்டுக்காரன் எதை எழுதுவான்? ரிக் வண்டியைத்தான். என் அண்ணன் ரிக்கில் டிரில்லர், துளை போடுகிற ஆள். வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுவது வேலை. என் கதையில் தோண்டத் தோண்டத் தண்ணீர் வராது. அடியிலிருந்து யாரோ மூச்சு விடுகிற சத்தம் வரும். கடைசிக் காட்சியில் பூமி வாயைத் திறந்து டிரில்லரை விழுங்கிவிட்டு மூடிக்கொள்ளும். எழுதும்போது எனக்கே முதுகு சில்லிட்டது.

முதல் பரிசு எனக்குத்தான். விழாவுக்கு அம்மாவையும் நங்கையாவையும் கூட்டிப்போனேன். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்போம். அவர் அப்போது ஏழு மாசம். அண்ணன் அந்த வாரம்தான் வடக்கே கிளம்பியிருந்தார். சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக் கடைசிக் காட்சியை அப்படியே நடித்துக் காட்டினார். மண்டபமே கைதட்டியது. நங்கையா மட்டும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆரம்பித்தார். "ஏனுங்க தம்பி, ஊட்டு ஆளு மண்ணைத் தோண்டிப் பொழைக்கறப்ப இப்படியா எழுதுவாங்க? மாத்திப் போடுங்க."

"அது வெறுங்கதைங்க நங்கையா."

"கதைதானுங்களே, அவரு மேல ஏறி வரட்டும். எழுதுனா கை தேஞ்சா போயிரும்?"

சிரித்து மழுப்பிவிட்டேன். போன இடம் சேர்ந்ததும் அண்ணனிடமிருந்து ரிக் ஆபீசுக்கு டிரங்கால் வரும். இந்தத் தடவை வரவேயில்லை. பிறகு ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். போர் போட்ட இடத்தில் மண் உள்வாங்கி வண்டியே சாய்ந்துவிட்டதாம். யாருக்கு என்ன ஆயிற்று என்று தகவல் இல்லையாம்.

நங்கையா அழவில்லை. பேப்பரையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இப்ப எழுதுங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! படித்தவன் செய்கிற காரியமா இது? அம்மாவைப் பார்த்தால், அவர் பட்டப்பகலில் சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார். "எழுது சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்." சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு டிரில்லரை மேலே ஏற்றினேன். நங்கையா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "காயம் ஒண்ணுமில்லைன்னு போடுங்க" என்றார். போட்டேன்.

அதோடு விட்டாரா? சங்கத்திலும் புது முடிவைக் கொடுத்துவிட்டு வந்தால்தான் ஆயிற்று என்று ஒரே பிடிவாதம். போனேன். "முடிவை மாத்துனா அது பரிசு வாங்குன கதையே இல்லைங்க" என்று தலைவர் கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மெட்ராஸும் போச்சு. வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அண்ணன் வந்துவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்கோ அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயம் பிடித்தது. மண்ணுக்குள் போனவர் அண்ணனோடு வேலை பார்த்த கம்ப்ரஷர் ஆபரேட்டர் என்றார்கள்.

கருமாதி முடிந்த கையோடு அந்த ஆபரேட்டரின் மனைவி அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் எழுதியதும் அண்ணன் பிழைத்ததும் அவர் காதுவரை போயிருந்தது. மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். அண்ணனை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணனை மேல ஏத்திட்டீங்க. நல்லா இருக்கட்டும் சாமி. கூட இருந்தவருக்கும் ஒரு வரி போட்டிருந்தா, காகிதமா பத்தாமப் போயிருக்கும்?"

என் கதையில் அப்படி ஒரு ஆளே கிடையாது. அதை அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வேன்?